எறும்பும் பதினொரு வாழ்த்துரைகளும்

சான் இலாரியோ உயர்நிலைப் பள்ளியின் வாசிப்பறைக்குள் நுழைய விரும்பும் மாணவர் எவரும் முதலில் காலணியைக் கழற்ற வேண்டும். பிறகு கைகளைக் கழுவ வேண்டும். கழுவிய கைகளை அறைப் பொறுப்பாளர் மேம் பெர்பெத்துவா மக்பானுவாவிடம் இருபுறமும் திருப்பிக் காட்ட வேண்டும். அதன்பின், எந்தப் புத்தகம் வேண்டும், ஏன் வேண்டும் என்பதை எழுவாயும் பயனிலையும் பிறழாத முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் கதைச் சுருக்கம் ஒரு பக்கம், கதை உணர்த்தும் நீதி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இத்தனை ஒழுங்கு செய்து வைத்தும் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பது மேம் பெர்பெத்துவாவுக்கு நெடுங்காலமாக விளங்காத புதிராக இருந்தது.

கைபேசியை ஐயுற்றார். பெற்றோரை ஐயுற்றார். ஊர்த் தண்ணீரைக்கூட ஒருமுறை ஐயுற்றார். ஐயுற வேண்டிய ஆள் ஒருவர் மட்டும் நாள்தோறும் கழுத்தில் அலமாரிச் சாவியைக் கோத்துக்கொண்டு வாசலருகே அமர்ந்திருந்தார். அவர்மீது மட்டும் ஐயம் போகவில்லை.

அலமாரிகள் கண்ணாடிக் கதவுடையவை. உள்ளே தடித்த நூல்கள் உயர வரிசைப்படி நின்றன. மேம் பெர்பெத்துவா அவற்றை வாரந்தோறும் துடைப்பார். துடைப்பதற்கும் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறியாதவரல்லர். ஆனால் துடைப்பதில் ஒரு முடிவு தெரிந்தது. அவர் கடைசியாக முழுமையாகப் படித்து மகிழ்ந்த நூல் ஓர் இலக்கணக் கையேடு. அதிலும் பெரிதும் சுவைத்தது பிழைதிருத்தப் பகுதி.

அக்டோபர் மாதத்தின் ஒரு காலையில் தலைமையாசிரியர் நோயல் கத்தல்பாஸ் அந்த அறைக்குள் வந்தார். காலணியைக் கழற்றினார், கையைக் கழுவினார், பழக்கத்தால் இருபுறமும் திருப்பிக் காட்டினார். சான் இலாரியோ இருந்த தீவில் ஒருவர் மற்றவரைத் திட்டினாலும் தாலாட்டுப் போலத்தான் கேட்கும். கெட்ட செய்தியை அவர் பாடாத குறையாகச் சொன்னார்.

"மேம், கோவிச்சுக்காதீங்க. இந்த ரூம் எனக்கு வேணும்."

"எதற்கு?"

"பழைய பேனரெல்லாம் வெக்கத்தான்."

இதில் சிரிக்க ஏதுமில்லை. பள்ளியில் எது நடந்தாலும் பேனர் அடிப்பார்கள். பல் துலக்கும் நாள், மரம் நடும் நாள், நட்ட மரம் பட்டுப்போனதால் மீண்டும் நடும் நாள், எதுவானாலும் சரி. இடப்பக்கம் கல்விக் கண்காணிப்பாளரின் முகம், வலப்பக்கம் மேயரின் முகம், நடுவே இடமிருந்தால் நிகழ்ச்சியின் பெயர். நிகழ்ச்சி முடிந்தபின் அந்தப் பேனரைக் கிழிக்க முடியாது. கிழித்தால் மேயரைக் கிழித்ததாகும். எரிக்கவும் முடியாது. சென்ற ஆண்டு யாரோ ஒருவர் ஒரு பேனரைப் பன்றி வளர்ப்பவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் அதைத் தொழுவத்துக்குக் கூரையாக்கினார். கோட்டக் கல்விக் கண்காணிப்பாளர் டாக்டர் வெனான்சியோ சுமகைசாய் அவ்வழியே ஜீப்பில் சென்றபோது, தம்முடைய புன்னகையின் கீழ் ஒரு பெண்பன்றி ஈன்றுகொண்டிருப்பதைக் கண்டார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: உயர் அலுவலர்களின் திருமுகம் தாங்கிய பேனர்கள் உலர்ந்ததும் கண்ணியமானதும் பூட்டக்கூடியதுமான அறையில் பாதுகாக்கப்படல் வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல ஒழுகாத ரூம் ரெண்டுதான் மேம். ஒண்ணு என்னுது. ஒண்ணு உங்களுது" என்றார் தலைமையாசிரியர். "நவம்பர் வாசிப்பு மாசம். மதிப்பீடு பண்ண கோட்டத்துலேர்ந்து வருவாங்க. அன்னிக்கு இங்க பிள்ளைங்க உக்காந்து படிச்சிட்டிருந்தா ரூம் உங்களுது. இல்லேன்னா பேனரோடது."

மேம் பெர்பெத்துவா அலமாரிகளைப் பார்த்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பணி ஓய்வு. இந்த அறையை விட்டால் இத்தனை ஆண்டு வேலைக்கு அடையாளமாக அவர் விட்டுச் செல்ல வேறொன்றும் இல்லை. இதன் இடத்தில் சுருட்டி வைத்த மேயர்கள் நிற்பதை எண்ணிப் பார்த்தார். சாவியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நல்ல சேதியும் ஒண்ணு இருக்கு மேம். படிக்கப் பிடிக்காத பிள்ளைங்களுக்கு சின்னதா, சுவாரசியமா புஸ்தகம் தேர்ந்தெடுக்க கோட்டத்துல ஒரு குழு போட்டிருக்காங்க. தேர்ந்தெடுத்தத அச்சடிச்சு நமக்கே குடுப்பாங்க. உங்க பேரத்தான் குடுத்திருக்கேன். நம்ம பள்ளிக்கூடத்துல வேற யாரும் புஸ்தகம் தொடுறதில்லையே."

'தொடுதல்' என்ற சொல் பொருத்தமானது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆயினும் முதுகு தானாக நிமிர்ந்தது.

*

'வாசிக்கத் தயங்கும் மாணவர்க்கான ஈர்ப்புமிகு சிறுநூல் தெரிவுக் குழு' கோட்டத் தலைமையகத்தில் கூடியது. இறைவேண்டல் நடந்தது. நாட்டுப் பண், மாகாணப் பண், கோட்டப் பண் ஆகியவை முறையே பாடப்பட்டன. உறுப்பினர்களின் சோர்வு நீங்கும்பொருட்டு இரு ஆசிரியைகள் முன்னே நின்று ஆட, அனைவரும் கைகளை உயர்த்தி ஆடினர். மேம் பெர்பெத்துவா விரல்களை மட்டும் உயர்த்தினார். பின்னர்க் கண்காணிப்பாளர் பேச எழுந்தார்.

"நான் புஸ்தகத்துக்கு எதிரி இல்ல" என்று அவர் தொடங்கினார். அப்படி ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. "எங்க வீட்டுல ஒரு செவுரு முழுக்கப் புஸ்தகம்தான். என் மனைவி கலர் பாத்து அடுக்கினா. யாரையும் எடுக்க விடமாட்டோம், கலர் கலைஞ்சிரும். ஏன் நம்ம பிள்ளைங்க படிக்கிறதில்ல? நாம சொல்லலையா? சொன்னோம். சுற்றறிக்கை அனுப்பிச்சோம். பிள்ளைங்க படிக்கல. ஆசிரியருங்க படிக்கல. ஒளிக்காம சொல்றேன், கையெழுத்துப் போட்ட நானும் படிக்கல. ஆனா அனுப்பிச்சோமா, இல்லையா?"

"அனுப்பிச்சோம் சார்!" என்றது அவை. கைதட்டல் எழுந்தது.

வாசிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் கிளிசேரியா பல்மாரெஸ் வழிகாட்டு நூலை வழங்கினார். அறுபதை நெருங்கும் அந்த அம்மையாரை எல்லோரும் மேம் பேபி என்றே அழைப்பார்கள். 'சிறுநூல்களைத் தெரிவு செய்வதற்கான வழிகாட்டுதல்கள்' என்ற அந்த நூலை இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. மடியில் வைத்தால் கால் மரத்தது.

"இதை முழுமையாக வாசித்தவர் எவரேனும் உளரோ?" என்று மேம் பெர்பெத்துவா கேட்டார்.

"அதப் படிக்கிறதுக்குன்னே ஒரு பயிற்சி முகாம் வெக்கப் போறோம் மேம். மூணு நாள். கடற்கரை ஓட்டல்ல" என்றார் மேம் பேபி. "இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. சிறுநூல்னா முப்பத்திரண்டு பக்கம். அதுக்கு மேல ஒரு பக்கம் போனாலும் அது பெருநூல்."

நூடுல்ஸும், தென்னங்குருத்தில் பொதிந்த ஒட்டரிசிச் சோறும் வந்தன. குழுப் படம் எடுக்கப்பட்டது. அதன்பின் நூல்களை ஆராயத் தொடங்கினர்.

மேசைமேல் மெல்லிய கதைப் புத்தகங்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. முதலாவது, வாழைத் தோட்டத்துப் பேயைப் பற்றியது.

"பேய் வருது" என்றார் மேம் பேபி. "பேய் நம்ம அலுவலகத்தோட கொள்கையில இல்ல."

இரண்டாவதில் ஒரு நாய் இறந்தது. "பிள்ளைங்க அழும். அழுதா அப்பா அம்மா வருவாங்க. வந்தா மனு குடுப்பாங்க. மனு வந்தா நாம பதில் எழுதணும்" என்று ஓர் உறுப்பினர் அந்த நாயின் மரணத்தை இறுதிவரை தொடர்ந்து சென்று பார்த்தார். நாய் நீக்கப்பட்டது.

மூன்றாவதில் ஒரு வெள்ளத்தின்போது ஓர் ஊர் மேயரின் கால்சட்டை அடித்துச் செல்லப்பட்டது. எல்லோரும் மேயர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தவரைப் பார்த்தார்கள். அவர் உண்பதை நிறுத்தினார்.

"நம்ம மேயர் அப்படியாப்பட்டவர் இல்ல."

"இல்லன்னு எங்களுக்குத் தெரியும் சார். அதனாலதான் வேணாங்கிறோம்."

அடுத்தது, சேவல் சண்டை நாளன்று சண்டையிட மறுத்துப் பாடத் தொடங்கிய ஒரு சேவலின் கதை. மேம் பெர்பெத்துவா அதன் ஏழாம் பக்கத்தில் சிரித்துவிட்டார். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. கைக்குட்டையை எடுத்து அதைத் தும்மலாக மாற்றி, ஒருவரும் கவனிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, எட்டாம் பக்கத்தில் 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியங்கள் மூன்று இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சேவலும் நீக்கப்பட்டது. குவியலில் அவரைச் சிரிக்க வைத்தது அது ஒன்றுதான். அதை வெளியேற்றியவரும் அவரே. பின்பு வீட்டில் கைப்பையைத் திறந்தபோது அந்தப் புத்தகம் உள்ளே இருந்தது. அது எப்படி வந்தது என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை. பதில் பிழையின்றி வரும் என்ற நம்பிக்கை இல்லை.

எஞ்சியது 'வரிசையில் நின்ற எறும்பு' ஒன்றே. எழுதியவர் மேம் பேபி. ஓர் எறும்பு வரிசையில் நிற்கிறது, முறை வரும்போது ஓர் அரிசியைப் பெறுகிறது, நன்றி சொல்கிறது, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பதினாறு பக்கம். பேயில்லை, நாயில்லை, மேயரில்லை. உண்மையில் ஒன்றுமே இல்லை. மேம் பெர்பெத்துவா கூர்ந்து தேடியும் பிழையும் இல்லை. ஒருமனதாகத் தேர்வாயிற்று.

*

நூல் என்றால் வாழ்த்துரை வேண்டும். கண்காணிப்பாளர் தருவது மரபு. அவர் தந்தால் துணைக் கண்காணிப்பாளர் தர வேண்டும். மேயர் தராவிட்டால் பகை. மேயர் தந்தால் மேயரின் மனைவி தர வேண்டும். அச்சகத்தாரும் கேட்டார். வாழ்த்துரைகள் பதினொன்று ஆயின. ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுப்பக்கப் படம். எறும்பு ஐம்பத்தொன்றாம் பக்கத்தில்தான் தலைகாட்டியது.

மேம் பேபி அவசரக் கூட்டம் கூட்டினார். "இப்ப இது சிறுநூல் இல்ல. நம்ம விதிப்படி பெருநூல். என்ன பண்ணலாம்?"

"வாழ்த்துரையக் கொறைக்கலாமே" என்றார் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்தார்.

"எறும்பக் கொறைக்கலாம்" என்றார் மற்றொருவர். "வரிசை ரொம்ப நீளம். முன்னாடி ரெண்டே எறும்பு நின்னாப் போதும்."

தீர்வு சொன்னவர் மேம் பெர்பெத்துவா. அவர் எழுந்து நின்று, நூலின் முற்பகுதிப் பக்கங்கள் ரோமன் எண் பெறுவது வழக்கம் என்றும், ரோமன் எண் பெற்றவை நூலின் பக்கங்களாகக் கணக்கிடப்படா என்றும், எனவே வாழ்த்துரைகள் எத்தனை நீண்டாலும் நூல் பதினாறு பக்கமே என்றும் எடுத்துரைத்தார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். பரிசாக அவருடைய வாழ்த்துரைக்கு ஒதுக்கியிருந்த ஒரு பக்கம் ஐந்தாக உயர்த்தப்பட்டது. அவர் அந்த ஐந்து பக்கத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அமர்ந்து செதுக்கினார். தம் வாழ்நாளின் மிகச் சிறந்த எழுத்து அது என்று அவருக்குத் தோன்றியது. அது இவ்வாறு தொடங்கியது: 'மாணவச் செல்வமே! இந்நூலைத் தீண்டுமுன் நின் நகக்கண்ணை நோக்கு.'

அடுத்து, நூல் உரியவர் கைக்கே சேர வேண்டும் என்பதில் கோட்டம் கண்டிப்பாக இருந்தது. வாசிப்பில் விருப்பமுள்ள பிள்ளை எவரும் தயங்கும் பிள்ளையின் நூலை ஏமாற்றிப் பெற்றுவிடக் கூடாது. ஆகவே, தான் வாசிக்கத் தயங்குபவர் என்பதை ஒவ்வொரு மாணவரும் பன்னிரண்டு பக்க வினாத்தாளுக்கு விடையெழுதி மெய்ப்பிக்க வேண்டும். சான் இலாரியோவின் பிள்ளைகள் எழுதினார்கள். பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்து விடையெழுதியவர்கள் ஆர்வமிக்க வாசகர்கள் என்பது தெளிவாகிவிட்டதால் அனைவரும் தகுதி இழந்தனர். ஒன்பதாம் வகுப்பு லவ்லி ஜாய் தும்தும் மட்டும் வினாத்தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டிருந்தாள். பள்ளி முழுவதற்கும் சான்றளிக்கப்பட்ட தயங்கும் வாசகர் அவள் ஒருத்தியே ஆனாள்.

படகுத்துறையில் கருவாடு விற்பவரின் மகள் அவள். ஊரில் யார் குரலும் அவள் தொண்டையில் உண்டு: பாதிரியார், சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர், கோபத்தில் தாலாட்டும் தலைமையாசிரியர். புத்தகம் என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. இப்போது வாசிப்பறையின் தலையெழுத்து அவள் கையில் இருந்தது. அந்தக் கை கழுவப்படாத கை.

*

மதிப்பீட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. அச்சான நூல்களின் பெட்டி வந்து இறங்கியது. மேம் பெர்பெத்துவா அவளை அழைத்து எதிரே அமர்த்தி, புத்தகத்தை முன்னே வைத்தார்.

"லவ்லி ஜாய், இந்நூலை வாசி."

"எதுக்கு மேம்?"

"நீ வாசிக்கத் தயங்குபவள் எனச் சான்றளிக்கப்பட்டிருக்கிறாய்."

"நான் எங்க மேம் தயங்கினேன்? வேணாம்னு அப்பவே பளிச்சுனு சொல்லிட்டேனே."

"இது மிகச் சிறிய நூல். ஓர் எறும்பைப் பற்றியது."

"எறும்பு என்ன பண்ணுது?"

"வரிசையில் நிற்கிறது."

"அப்புறம்?"

மேம் பெர்பெத்துவா சற்றுத் தயங்கினார். "மீண்டும் வரிசையில் நிற்கிறது."

லவ்லி ஜாய் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "அதத்தான் மேம் கேன்டீன்ல நான் தினமும் பண்றேன். அதுக்கு யாரும் என்னைப் பத்தி புஸ்தகம் போடலையே."

"நான் உண்டு வரும்வரை இவ்விடத்தைவிட்டு எழாதே" என்று ஆணையிட்டுவிட்டு அவர் உணவறைக்குப் போனார். கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பேனர்களைச் சுமந்துகொண்டு இரண்டு பணியாளர்கள் வாசிப்பறையின் கதவகலத்தை அளந்துகொண்டிருந்ததை வழியில் பார்த்திருந்தார்.

திரும்பி வரும்போது தாழ்வாரத்திலேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே கண்காணிப்பாளரின் குரல் கேட்டது. முன்னறிவிப்பின்றி வந்துவிட்டாரோ! மேலாடையைச் சரிசெய்துகொண்டு விரைந்தார்.

கண்காணிப்பாளர் இல்லை. நாற்காலிமேல் லவ்லி ஜாய் நின்றிருந்தாள், கையில் புத்தகம், வாயில் அவருடைய குரல். சன்னல்களில் பிள்ளைகள் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

"'அன்பார்ந்த பெற்றோரே! ஒவ்வொரு குழந்தையும் ஆண்டுக்கு இருமுறை புத்தகம் உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் புத்தகம் தரலாகாது. உணவுக்குப் பின், ஒரு குவளை நீருடன் தருக. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பாதிப் புத்தகமே போதும். அதையும் நசுக்கி வாழைப்பழத்தில் வைத்துத் தரலாம்.'"

"பாதியா! எந்தப் பாதி?" என்று சன்னலில் ஒருத்தி கத்தினாள்.

"இருடி, கேளு. 'புத்தகம் உட்கொண்டபின் சிலருக்குக் குமட்டலும் பேதியும் தோன்றும். இவை புத்தகம் நன்கு வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறிகளே.'"

சன்னலிலிருந்து ஒருத்தி உண்மையிலேயே கீழே விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே சிரித்தாள்.

மேம் பெர்பெத்துவா புத்தகத்தைப் பிடுங்கினார். படித்தார். மறுபடி படித்தார். ஜூலை மாதம் குடற்புழு நீக்க நாளன்று ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்ட கண்காணிப்பாளரின் வாழ்த்துரை அது. மேம் பேபியின் அலுவலகம் அதையே எடுத்து, 'மாத்திரை' என்ற இடத்திலெல்லாம் 'புத்தகம்' என்று மாற்றிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறது. கண்காணிப்பாளர் கையெழுத்திட்டிருக்கிறார். குழு அங்கீகரித்திருக்கிறது. குழுவில் மேம் பெர்பெத்துவாவும் இருந்திருக்கிறார். தம் ஐந்து பக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் படித்துப் பார்க்கவில்லை.

பிழையை உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது அவர் வாழ்நாள் ஒழுக்கம். தெரிவித்தால் பெட்டி திரும்பப் போகும். புது அச்சு வர அடுத்த ஆண்டாகும். மதிப்பீட்டு நாளான திங்கட்கிழமை மேயர்கள் சுருள் சுருளாக உள்ளே வருவார்கள். தெரிவிக்காவிட்டால், இத்தனை பெரிய பிழை அவர் கண்ணெதிரே, அவர் அறையில், அச்சில் நிற்கும்.

சன்னலில் எத்தனையோ முகங்கள் அவர் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அறையில் ஒரு புத்தகத்தை அப்படி யாரும் பார்த்து அவர் கண்டதில்லை. அவரே பார்த்ததில்லை.

அவர் புத்தகத்தை லவ்லி ஜாயிடம் திருப்பிக் கொடுத்தார்.

"'பேதி' என்பதில் ஏகாரம் நெடில். நன்றாக நீட்டிச் சொல்" என்றார். "தொடர்ந்து வாசி."

*

அடுத்த நாள் பெட்டி முழுதும் தீர்ந்தது. தகுதி இழந்தவர்கள்தாம் முதலில் வந்தார்கள். கைகளைப் பார்வையிட மேம் பெர்பெத்துவாவுக்கு நேரமில்லை. கைகள் மிகுதியாக இருந்தன. ஒருவரும் எறும்பை எட்டவில்லை. மேயரின் வாழ்த்துரை, வாசிப்பை உயர்த்திப் பேசிவிட்டு வடக்குச் சந்தைக்குக் கூரை போட்டதைப் பற்றி இரண்டு பக்கம் போயிற்று. அவர் மனைவியுடையது மேயர் எத்தனை மென்மையானவர் என்பதைப் பற்றியது. அச்சகத்தார் திருமண அழைப்பிதழுக்குத் தள்ளுபடி அறிவித்திருந்தார். பிள்ளைகள் இவற்றைப் பங்கு போட்டுப் படித்தார்கள்; நடித்தார்கள்; "எனக்கு மேயரு, நீ நேத்து மேயரு" என்று அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், பாடும் சேவலின் கதைப் புத்தகம் யாரோ மறந்து வைத்ததுபோல் மேசையோரம் கிடந்தது. சற்று நேரத்தில் அது காணாமல் போயிற்று. அவர் தேடவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அவர் அலமாரிக்குப் பின்னே துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அங்கிருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

"இப்ப எது? எல்லாம் முடிஞ்சு போச்சா?"

"பெருசு ஒண்ணு இருக்கே. அத விட்டுட்டீங்களே!" என்றாள் லவ்லி ஜாய். தொண்டையைச் செருமினாள். பிறகு எழுந்த குரலைக் கேட்டு மேம் பெர்பெத்துவாவின் கை நின்றது. "'மாணவச் செல்வமே! இந்நூலைத் தீண்டுமுன் நின் நகக்கண்ணை நோக்கு! அழுக்குளதேல் அகல்க! அழுக்கிலதேல், அஃது எங்ஙனம் இலதாயிற்று என ஒரு பக்கத்தில் எழுதுக!'"

கண்காணிப்பாளருக்குக் கிடைக்காத சிரிப்பு எழுந்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. "இன்னொரு தடவ! அந்த 'அகல்க' இன்னொரு தடவ!" என்று கெஞ்சினார்கள். லவ்லி ஜாய் அகல்க என்றாள், அகன்றவர்கள் உருண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் செதுக்கிய வாக்கியங்கள். அவர் துணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் காது சுட்டது. வெளியே வந்து ஒரு சொல் சொன்னால் போதும்; அறை அடங்கிவிடும். பழையபடி வெறுமையாகவும் ஆகிவிடும். அவள் அடுத்த பத்தியை வாசித்தாள். காற்புள்ளி இருந்த இடத்திலெல்லாம் சரியாக நின்றாள். அவ்வளவு துல்லியமாகத் தம் எழுத்தை வாசித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை என்பதை அவர் கவனித்தார். 'முதுகை வளைத்து வாசிப்போர் முதுமையில் வருந்துவர்' என்ற இடத்தில் ஒரு சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. இம்முறை கைக்குட்டை எட்டவில்லை.

*

மதிப்பீட்டு நாளுக்குப் புதிய பேனர் கட்டினார்கள். கண்காணிப்பாளருக்கும் மேம் பேபிக்கும் மாலை போட்டார்கள். வாசிப்பறையில் நிற்க இடமில்லை. கண்காணிப்பாளர் அகமகிழ்ந்து போனார்.

"பிள்ளைங்களா, இந்தப் புஸ்தகத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? எறும்பு பேசுற இடமா?"

"உங்க வாழ்த்துரை சார்!" என்று அறை முழங்கியது.

அவர் மேம் பேபியைப் பார்த்தார். "கேட்டீங்களா! யாராச்சும் ஒரு ஆள் வாசிச்சுக் காட்டுங்க பாப்போம்."

சான்றளிக்கப்பட்ட தயங்கும் வாசகர் எழுந்தாள். புத்தகம் தேவைப்படவில்லை. முழுதும் மனப்பாடம். 'வெறும் வயிற்றில் புத்தகம் தரலாகாது' என்ற இடத்தில் மேம் பேபியின் கைவிசிறி நின்றது. 'நசுக்கி வாழைப்பழத்தில்' என்ற இடத்தில் தலைமையாசிரியர் கூரையில் ஏதோ ஒழுகுகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். லவ்லி ஜாய் பேதியை நெடிலாக நீட்டினாள். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் இறுதி வரிக்கு வந்தாள்.

"'மறுநாள் காலை புத்தகம் முழுதாக வெளியேறக் கண்டால் பதற வேண்டா. சுகாதாரப் பணியாளரிடம் காட்டுக. வாழ்க கல்வி.'"

மேம் பெர்பெத்துவா சாவியைப் பற்றிக்கொண்டார். கண்காணிப்பாளர் கைக்குட்டையை எடுத்து ஒரு கண்ணைத் துடைத்தார்; மற்றொரு கண்ணையும் துடைத்தார்.

"புஸ்தகங்கிறது மருந்து மாதிரி" என்றார் கைக்குட்டையை மடித்துக்கொண்டே. "உள்ள போகணும். வேல செய்யணும். இதயத்துலேர்ந்து எழுதினேன். யாருக்கும் புரியாதுன்னு நெனச்சேன்."

"எத்தன ராத்திரி கண்ணு முழிச்சீங்க சார்" என்றார் மேம் பேபி, விசிறியை மீண்டும் அசைத்து.

"ரெண்டாம் பாகம் போடணும். இப்பவே. எறும்பு அவ்வளவு வேணாம். வாழ்த்துரைய ரெண்டு மடங்காக்குங்க. இந்த அறைக்கு யாரும் கைவெக்கக் கூடாது."

"அப்ப பேனரெல்லாம் சார்?" என்றார் தலைமையாசிரியர்.

"உங்க அறை ஒழுகுதா?"

"இல்ல சார்."

"கண்ணியமான அறையா?"

"கண்ணியம்தான் சார்."

"பூட்டலாமா?"

தலைமையாசிரியர் தாலாட்டுப் போலப் பெருமூச்சு விட்டார்.

அன்று மாலை மேயர்களும் கண்காணிப்பாளர்களும் சுருள் சுருளாகத் தலைமையாசிரியர் அறைக்குள் போனார்கள். மேம் பெர்பெத்துவா வாசிப்பறையில் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தார். இரண்டாம் பாகத்துக்கு அவருக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அலமாரிக் கதவுகள் திறந்து கிடந்தன. சாவி எங்கோ மேசைமேல் கிடந்தது. சேவலின் கதை யாரிடம் போயிற்றென்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் யாரோ சேவலைப் போலப் பாடினார்கள்.

லவ்லி ஜாய் மேசைமேல் முழங்கையை ஊன்றி நின்றாள். கழுவாத முழங்கை.

"போன தடவ நகத்தோட நிறுத்திட்டீங்க மேம். இந்தத் தடவ காது, மூக்கு எல்லாத்தையும் போடுங்க."

மேம் பெர்பெத்துவா எழுதினார்: 'மாணவச் செல்வமே! நின் செவியின் பின்புறத்தை நோக்கு.' படித்துப் பார்த்தார். பிழையில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அது போதாது என்று தோன்றியது. தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"போதுமாடி?" என்று கேட்டார்.

லவ்லி ஜாய் தலையைச் சாய்த்து வாசித்தாள். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"பத்தாது மேம். இன்னும் கொஞ்சம் மிரட்டணும்."

மேம் பெர்பெத்துவா முதுகை நிமிர்த்தி அமர்ந்தார், பேனாவை எடுத்தார், மிரட்டலானார்.